பதினோராம் நம்பர்ச் சட்டையின் சேறு

தென்கடல் தீவில் உள்ள எங்கள் வைதாலேவு கிராமத்தில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் ஒரு மரக்கிண்ணம் வந்துவிடும். கிண்ணத்தில், லேசாகப் போதை தரும் யங்கோனா வேரைக் கரைத்த தண்ணீர் வந்துவிடும். ஆளுக்கு மூன்று சிரட்டை குடித்து முடிப்பதற்குள் அந்தச் சண்டையும் வந்துவிடும். இந்த ஊர் ரக்பி அணியில் ஓடியவர்களிலேயே பெரிய விங்கர் யார்?

மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நின்று, பந்து கைக்கு வந்ததும் பிடரியில் கால் பட ஓடுகிறவன் விங்கர். இடது ஓரத்துக்காரனுக்குப் பதினோராம் நம்பர்ச் சட்டை, வலது ஓரத்துக்காரனுக்குப் பதினாலு. மற்ற பதின்மூன்று பேரும் எலும்பு நொறுங்க முட்டி மோதிப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். இவன் ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் அதைத் தரையில் வைத்து ஒரு டிரை போட்டுப் பெயரைத் தட்டிக்கொள்வான். ஊரில் பெண் கொடுப்பதும் இவனுக்குத்தான், பிரான்சிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆள் வந்து கூட்டிப் போவதும் பெரும்பாலும் இவனைத்தான்.

சொலொமோனே கிழவர் "எபராமா" என்பார். எதிர்க்கட்சி "லோரிமா" என்னும். "லோரிமாவுக்கு இடது பக்கம் திரும்பவே வராது, அவன் விங்கரா, மாட்டு வண்டியா" என்று சொலொமோனே கேட்பார். "எபராமா நியூசிலாந்து போய் என்னத்தக் கிழிச்சான், ரெண்டே வருஷத்துல முட்டிய ஒடச்சுக்கிட்டு வந்தான்" என்று பதில் வரும். லாரி ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் எரிச்சல் வரும். இவர்களில் பாதிப் பேர் ஆட்டம் நடக்கும்போது கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

கடைசியில் யாராவது ஒருவர், "சரி, துவைக்கிறவகிட்டக் கேப்போம்" என்பார். அந்த இடத்தில் இனோசி எழுந்து, இடுப்புத் துணியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். முப்பது வருடமாக இதுதான் வழக்கம்.

துவைக்கிறவள் என்றால் உனைசி அக்கா. வயது ஐம்பத்தைந்து. அணியின் சட்டைகளை அவள் ஆற்றில் துவைக்க ஆரம்பித்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். ஆட்டம் பார்க்க அவள் அதிகம் போனதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு சர்ச், திங்கள்கிழமை விடிந்ததும் மூட்டையை அவிழ்ப்பாள். ஒவ்வொரு சட்டையையும் பாறைமேல் விரித்து, செய்தித்தாள் மாதிரி மேலிருந்து கீழே படிப்பாள். பிறகுதான் சோப்பு.

"டிரை போட்டவனுக்கு நெஞ்சுல சேறு. மாட்டிக்கிட்டவனுக்கு முதுகுல சேறு. ஓடாதவன் சட்டையில நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கும்" என்பாள். ஒருமுறை எங்கள் அணித்தலைவனே தோள்பட்டை வலி என்று ஒரு வாரம் தோட்ட வேலைக்குப் போகாமல் படுத்திருந்தான். அக்கா அவன் சட்டையைக் கம்பத்தில் மாட்டி வைத்தாள். தோளில் சேறு ஒரு பொட்டுக்கூட இல்லை. மறுநாள் அவன் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டான்.

இனோசி அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி. மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் அவள் வீடு. ஆனால் வயது வந்த அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்கள் ஊரில் கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. பேச வேண்டியிருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். பல நாள் அந்த ஆள் நான்தான். என் பெரியப்பாவும் என் அம்மாவிடம் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார், அதனால் எனக்கு இது பழக்கப்பட்ட வேலை. சுவருக்கு மட்டும் கால் வலிக்காது.

இனோசி எழுந்து போவதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் அவன்தான் பதினோராம் நம்பர். எபராமா பதினாலு. அந்தச் சமயத்தில் நியூசிலாந்திலிருந்து ஒருத்தர் ஆள் தேடி வந்தார். ரெண்டு பேரில் யார் என்று ஊரே திணறியபோது, யாரோ விளையாட்டாக, "துவைக்கிறவகிட்டக் கேளுங்க" என்றார்கள். அக்கா துவைக்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "எபராமா" என்றாள். எபராமா விமானம் ஏறினான். இனோசி தக்காளி போட்டான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் அக்காவைக் கேட்கவும் முடியாது, இன்னொருத்தன் வழியாகக் கேட்கும் கேள்வியும் அல்ல அது.

இந்தக் கதை ஆரம்பித்தது போன வருடம் தலைநகர் சுவாவில் நடந்த அரையிறுதி ஆட்டத்தில்.

இப்போதைய பதினோராம் நம்பர் அக்காவின் மகன் போனிபாத்தே. பதினாலு, இனோசியின் மகன் கிதியோனே. அத்தை மகனும் மாமன் மகனும். மச்சானுக்கு மச்சான் என்ன குறும்பு செய்தாலும் கோபப்படக் கூடாது என்பது வைதாலேவுச் சட்டம். அவன் சோற்றை இவன் தின்னலாம், இவன் செருப்பை அவன் மாட்டிக்கொண்டு போகலாம். வாங்கியவன் சிரிக்க வேண்டும், சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முறைத்தால் ஊர் அவனை மனிதனாகவே மதிக்காது.

ஆட்டத்துக்கு முன் கொட்டகையில் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். கிதியோனே மட்டும் ஒரு கண்ணால் ஜெபம் செய்தான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ஆணியில் தொங்கிய பதினோராம் நம்பர்ச் சட்டை அவன் உடம்பில் இருக்கிறது.

"மச்சான், இது உனக்குச் சின்னதாப் போச்சு, தொப்ப வச்சுட்டே" என்றான் கிதியோனே.

"போட்டுக்கோ மச்சான். நல்ல சட்ட போட்டாவது ஓட்டம் வருதான்னு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனிபாத்தே பதினாலை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன நம்பரோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கடா, நேரமாச்சு" என்றார்.

சுவாவில் மழை பெய்யாத சனிக்கிழமையை நான் பார்த்ததில்லை. அன்று வானமே கழன்று விழுந்தது. கால் மணி நேரத்தில் முப்பது பேரும் ஒரே நிறம். நான் லாரியை மைதானத்து ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிட்டு ஆட்டம் பார்த்தேன். கிதியோனே மூன்று டிரை போட்டான். அதில் மூன்றாவதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் லாரியிடம் வந்தார். சகியூசா, பழைய ஆட்டக்காரர், பிரான்சில் ஒரு கிளப்புக்கு இங்கே ஆள் பார்த்துத் தருகிறவர். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த அணிப் பட்டியலைப் பார்த்து, "பதினொண்ணு, போனிபாத்தே. திங்கக்கிழம காலைல உங்க ஊருக்கு யங்கோனா வேரோட வந்து முறைப்படி கேக்குறேன். அதுக்குள்ள வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன்கள் அதற்குள் சட்டையைக் கழற்றி மூட்டையில் போட்டுவிட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள்.

லாரி சிரிப்பில் குலுங்கியது. "மச்சான், மூணு டிரை போட்டியாமே, சொல்லவே இல்ல" என்றான் கிதியோனே. கடற்கரைச் சாலை தாண்டும்வரை அந்தக் கூத்து நடந்தது. பள்ளத்தாக்குக்குள் திரும்பும்போது சத்தம் அடங்கிவிட்டது. ஒவ்வொருத்தனுக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கோ ஒரு காகிதத்தில் போனிபாத்தே என்று எழுதியாகிவிட்டது.

"அவர்ட்ட ஃபோன் பண்ணிச் சொல்லிரலாமா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு?" என்றான் கிதியோனே. "சட்டைய எடுத்தவன் நான். எனக்கு நானே வச்சுக்கிட்ட ஆப்பு. மச்சான் போகட்டும்."

போனிபாத்தே மறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபத்தொரு வயதில் பிரான்சு என்று ஒருவர் சொன்னால் நானும் மறுத்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போதகர் போனிபாத்தேயின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். கிதியோனேதான் எல்லோருக்கும் மேலே சத்தமாக ஆமென் சொன்னான். மதியம் அக்கா தேங்காய்ப் பாலில் சேப்பங்கீரை வேகவைத்து, மரவள்ளியோடு பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கொடுத்து அனுப்பினாள். என் வீட்டுக்கு அவளே கொண்டுவந்தாள்.

"முனி, நான் துவச்ச பதினோராம் நம்பர்ல ஆறு பேரு கடல் தாண்டிட்டாங்க. ஆறு தடவையும் உன் லாரில ஏறி நாடி ஏர்போட்டுக்கு வந்து அழுதேன். யார் பெத்த புள்ளைக்கோ அழுதேன். இப்ப என் புள்ளைக்கு அழப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் கீரையை வாங்கிக்கொண்டேன். உண்மை தொண்டை வரை வந்தது. கீரையோடு சேர்த்து விழுங்கினேன். அது மச்சான்களுக்குள் உள்ள விஷயம், எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். எனக்கு அந்தக் கோழைத்தனம் உண்டு.

ஞாயிறன்று எங்கள் ஊரில் ஒரு கைக்குட்டையைக்கூட யாரும் அலச மாட்டார்கள். அதனால் சேறு மூட்டைக்குள் அப்படியே இருந்தது.

திங்கள்கிழமை விடிந்ததும் நான் லாரியைக் கழுவ ஆற்றில் இறக்கினேன். அக்கா பாடிக்கொண்டே வந்து மூட்டையை அவிழ்த்தாள். முதலில் பதினொன்றை எடுத்தாள். பாறைமேல் விரித்தாள். பாட்டு நின்றது. பிறகு பதினாலை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். திரும்பவும் பதினொன்று. நான் சக்கரத்தை மும்முரமாகத் தேய்த்தேன்.

"முனி. இது யாரு சேறு?"

நான் தேய்த்தேன்.

"உன்னத்தான் கேக்குறேன். அந்தச் சக்கரம் எங்கயும் ஓடிப் போகாது."

சொல்லிவிட்டேன். ஜெபம், ஆணி, மூன்று டிரை, குடை, பட்டியல் எல்லாவற்றையும். சோப்புக் கட்டி என் காதோரமாகப் பறந்து லாரிக் கதவில் பட்டது.

"நேத்து முழுக்க என்னைச் சிரிக்க விட்டுட்டு வேடிக்க பாத்தீங்கள்ல? கீரைய வேற தின்னியே, கடங்காரா. எனக்கு என் புள்ள சேறு தெரியாதா? அவன் விழவே மாட்டான். குனிஞ்சு, பூப் பறிக்கிற மாதிரிப் பந்த வப்பான். இவன் பாரு, இடது தோள்ல இடிச்சு விழுந்திருக்கான், மூணு தடவ."

பிறகு பதினோராம் நம்பரைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு முக்கு போதும். சேறு ஆற்றோடு போய்விடும், அதற்குப் பிறகு மழையில் பார்த்த ஒருவருடைய பட்டியல்தான் சாட்சி. ஊரும் வாய் திறக்காது, கிதியோனேயே விட்டுக் கொடுத்துவிட்டான். சட்டையின் கீழ் ஓரம் தண்ணீரில் நனைந்தது. அவளுக்கு அவள் மகன் போக வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு எதுவும் இருந்ததில்லை.

சட்டையை வெளியே எடுத்தாள். "போய் அவன்கிட்டச் சொல்லு" என்றாள்.

அவன் என்றால் இனோசி. நாற்பது அடி தள்ளி ஆற்றங்கரைத் தோட்டத்தில் தக்காளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நான் நடந்தேன்.

"இனோசி, அக்கா என்ன சொல்லுதுன்னா, போக வேண்டியது உன் புள்ளயாம்."

இனோசி நிமிரவில்லை. "சொல்லு அவகிட்ட. மருமகன் எடுத்துக்கிட்டான். தாய்மாமன் வீட்டுல மருமகன் எதையெடுத்தாலும் கேக்கக் கூடாது. போன வருஷம் என் பன்னிய எடுத்துட்டுப் போனான், நான் கேட்டனா?"

நான் திரும்பி நடந்தேன். பாதி வழியிலேயே அவள் குரல் வந்தது. "பன்னிக்கும் பிரான்சுக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேளு."

திரும்பினேன். நான் வாயைத் திறக்குமுன் இனோசி, "முறைன்னா முறைதான்னு சொல்லு" என்றான். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை வீசினான். களையோடு காய்த்திருந்த ஒரு தக்காளிச் செடியும் வேரோடு வந்தது. அதை அவன் கையில் எடுத்துச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். முறை அவன் வாயில் இருந்தது. மனது எங்கே இருந்தது என்று அந்தச் செடிக்குத் தெரியும்.

பத்து மணிக்கு சகியூசா வந்தார். ஊர்த்தலைவர் வீட்டில் பாய் விரித்து, வேரை வைத்து, பேச வேண்டியதைப் பேசி, கை தட்டி, முதல் சிரட்டையும் குடித்தாகிவிட்டது. பாய்மேல் காகிதம் வந்தது. போனிபாத்தே புதுச் சட்டை போட்டு எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்திருந்தான். இனோசி தூணோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் பெண்கள் பக்கம் அசைந்தது. அக்கா மரியாதைப்படி முழங்காலில் நகர்ந்தே உள்ளே வந்தாள், பின்னால் மூட்டை. தலைவர் புருவத்தைத் தூக்கினார், ஆனால் தடுக்கவில்லை. அவருடைய சட்டையையும் ஒரு காலத்தில் துவைத்தவள் அவள்.

பதினோராம் நம்பரைக் காகிதத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். சுவாவின் கறுப்புச் சேறு காய்ந்து உதிர்ந்து தலைவரின் பாயில் விழுந்தது.

"ஐயா, மூணாவது டிரை எப்படிப் போட்டான்னு சொல்லுங்க."

சகியூசாவுக்கு அதைச் சொல்லச் சலிக்காது போலிருந்தது. "நாலு பேரு பிடிச்சாங்கம்மா. ஒருத்தன் சட்டையக் கிழிச்சான். அப்படியும் நாலு பேரையும் இழுத்துக்கிட்டுப் போயி விழுந்தான்."

"இது நாலு கை" என்று சட்டையின் முதுகைத் திருப்பினாள். விரல் விரலாக நாலு சேற்றுக் கைகள் இழுபட்டுக் கீழே வழுக்கியிருந்தன. பக்கவாட்டில் ஒரு கிழிசல். "இது நீங்க பாத்த ஆளு. இப்ப இதப் பாருங்க." பதினாலை விரித்தாள். "இது என் புள்ள அன்னைக்குப் போட்டிருந்தது. மழையில நனைஞ்சிருக்கு. வேற சேதம் இல்ல."

சிரிப்பை அடக்கப் பலர் சிரட்டையைத் தேடினார்கள்.

சொலொமோனே கிழவர் விடவில்லை. "உனைசி, அன்னைக்குப் பந்து பூரா இடது பக்கந்தான் வந்துச்சாம். அங்க தென்னமரத்த நட்டு வச்சிருந்தாலும் மூணு டிரை போட்டிருக்கும். நம்ம போனியே ஓடிருப்பான்."

அவர் சொன்னது அவளுக்கு உதவிதான். பிடித்துக்கொண்டிருக்கலாம். அவள் கிழவரைப் பார்த்தாள். "என் புள்ள வேகமானவன். அவன யாரும் தொட முடியாது. ஆனா தொட்டுட்டாப் படுத்துருவான். நாலு பேரு புடிச்சப்புறமும் ஓடுறவன்தான் இவங்களுக்கு வேணும்." பிறகு கிதியோனே பக்கம் திரும்பினாள். "எந்திரி. முதுகக் காட்டு."

"அத்த, விடுங்க. மச்சான் போகட்டும், நான் தமாசுக்கு எடுத்தது."

"ஜெபத்துல கண்ணத் தொறந்த பய, நீ பேசாத. காட்டு."

அவன் சட்டையைத் தூக்கினான். விலாவில் நகம் கீறிய நீளக் கோடு, இன்னும் சிவப்பாக. அக்கா கிழிந்த சட்டையை அவன்மேல் வைத்துப் பிடித்தாள். கிழிசலும் கீறலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன.

சகியூசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு பெயரை அடித்தார். "இந்தத் தம்பி பேர எப்படி எழுதணும்?" என்று அக்காவிடமே கேட்டார்.

வீடு முழுக்கக் கைதட்டல். போனிபாத்தே எழுந்து போய் மச்சானின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "போடா, போய் அந்தக் குளிர்ல வெறச்சுக் கெட. நான் இங்க உங்கப்பன் கோழியத் தின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு வாசல் வரைக்கும்தான் வந்தது. வாசலைத் தாண்டியதும் அவன் வேகமாக நடந்து போனான். அக்காவும் அதைப் பார்த்தாள்.

சொன்னபடியே செய்தான். அன்றிலிருந்து அம்மா வீட்டில் சாப்பிடவில்லை. மாமன் வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தினம் ஒரு கோழி. இனோசி வாய் திறக்கவில்லை, அவனே பிடித்துக் கொடுத்தான். நாலாம் நாள் அக்கா மைதானத்தைக் கடந்து போய் எதிரில் உட்கார்ந்தாள். நான் அங்கே பெட்ரோல் டப்பா வாங்கப் போயிருந்தேன்.

"மச்சான் மேல கோவமா?"

"மச்சான் மேல கோவப்படக் கூடாது."

"மாமன் மேல?"

"மாமன் மேலயும் கூடாது."

"அப்ப என் மேல."

"அம்மா மேல படலாம். அதுக்குத் தடை இல்ல."

"எத்தன நாளைக்கு?"

போனிபாத்தே எலும்பைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்தான். "இன்னும் ரெண்டு கோழி இருக்கு."

அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் அவன் அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து எலுமிச்சை இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கோழி தீர்ந்த கணக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

விசா வர மூன்று மாதம் ஆனது. கிதியோனே வேரை வைத்துத் தலைவரிடம் விடைபெற்றான். ஊரே அழுதது, என் லாரி நிறைந்தது, நாடி விமான நிலையத்தில் அக்கா ஏழாவது முறையாக அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிரான்சிலிருந்து வீடியோ ஃபோன் வந்தது. பெட்டியில் குளிர் கோட்டைக் காணோமாம். அதற்குப் பதிலாகப் பதினாலாம் நம்பர்ச் சட்டை மடித்து வைத்திருந்ததாம். கோட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்த்து வழிய, போனிபாத்தே மைதானத்தைச் சுற்றி நடந்து காட்டினான். எதிர்முனையில் கிதியோனே பல் கிட்டிச் சிரித்தது எனக்கே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை உள்ளூர் ஆட்டம். திங்கள்கிழமை ஆற்றங்கரையில் என் லாரி மக்கர் செய்தது. நான் அடியில் படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா மூட்டையை அவிழ்த்துப் பதினொன்றை விரித்தாள். "அடே" என்று தனக்குத்தானே சொன்னாள். எங்கள் செம்மண் நெஞ்சு முழுக்க அப்பியிருந்தது. போனிபாத்தே விழுந்திருக்கிறான். பொறுமையாகத் துவைத்து, கம்பி வேலியில் காயப் போட ஈரத்தோடு தூக்கினாள்.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து கால்கள் வந்தன. இனோசியின் கால்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றன. என்னைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. நான் அடியில் கிடப்பது அவனுக்குத் தெரியாது.

"பதினோராம் நம்பரே" என்றான் இனோசி, வேலியில் தொங்கிய சட்டையைப் பார்த்து. "உன்னத் துவைக்கிறவகிட்ட ஒண்ணு கேளு. அன்னைக்கு நியூசிலாந்துக்காரரு வந்தப்ப, எபராமான்னு ஏன் சொன்னா?"

நான் திருகுவதை நிறுத்திவிட்டேன்.

"நம்பரே" என்றாள் அக்கா. "அவன்கிட்டச் சொல்லு. அவன்தான் ஒசத்தி. எனக்கு அன்னைக்கே தெரியும். அவன் சட்டையில அஞ்சு கை இருந்துச்சு. தம்பி பேரச் சொன்னா, அக்காக்காரி தம்பிக்குச் சொல்றான்னு பேசுவாங்களேன்னு பயந்தேன். அந்தச் சேத்த நான் ஆத்துல கரைச்சேன். முப்பது வருஷமா அது போகல."

இனோசி திட்டுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அந்தக் கால்கள் வேலியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தன. சட்டையில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கம்பியிலிருந்து எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினான். அக்கா பிடித்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் ஓடி லாரிக்கு அடியில் வந்து என் முதுகை நனைத்தது. நான் அசையாமல் கிடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றாவது சிரட்டையில் சண்டை வந்தது. எபராமா என்றார் சொலொமோனே, லோரிமா என்றது எதிர்க்கட்சி, கிதியோனே என்று புதிதாக ஒரு கட்சியும் கிளம்பியிருந்தது. இனோசி எழுந்திருக்கும் நேரம் வந்தது. எல்லோரும் அவன் இடுப்புத் துணியைப் பார்த்தார்கள்.

அவன் சிரட்டையை வாங்கி நிதானமாகக் குடித்தான், வாயைத் துடைத்தான், இன்னும் கொஞ்சம் வசதியாகச் சம்மணம் போட்டுக்கொண்டான்.

"எதுக்கு வீண் சண்ட?" என்றான். "போய் எங்கக்காகிட்டக் கேளுங்க."